வேடமிடும் மலர்களும் நான் திருத்திக்கொண்ட பாடமும்



சென்ற சித்திரை மாதம் நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் நான் ஒரு பாடம் எடுத்தேன். அதில் ஒரு பிழை செய்துவிட்டேன். அந்தப் பிழையைத் திருத்தவே இக்கட்டுரை. வகுப்பில் இருந்தவர்கள் பத்துப் பதினைந்து குழந்தைகள்தாம். ஆனாலும் அவர்கள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் அதையே ஒப்பித்திருப்பார்கள். ஆகவே எல்லோரும் படிக்கும் நம் இதழிலேயே திருத்தமும் வருவதுதான் முறை என்று நினைக்கிறேன்.

நான் தாவரவியல் படித்தவன் அல்லன். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ வாங்கி, சிக்னல் இன்ஸ்பெக்டராக இரயில்வேயில் சேர்ந்து, இந்த வடகிழக்கு மண்ணிலேயே பணிக்காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கைகாட்டியும் கம்பியும்தான். ஆயினும் இந்த மலர்களின் கதையைப் படிக்கப் படிக்க, என் தொழிலுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இருப்பதாகவே தோன்றியது.

நான் சொன்ன பாடம்

அது போஹாக் பிஹு வாரம். குவாஹாத்தித் தெருக்களில் அசாமியப் பெண்கள் கொண்டையில் கொபௌ பூச் சூடிப் போகும் நாட்கள். நரிவால் போலத் தொங்கும் அந்தப் பூங்கொத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த புள்ளிப் பூக்கள். அது ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்தது. அசாமின் மாநில மலரும் அதுவே. பக்கத்து வீட்டில் ஒரு கொத்து கேட்டு வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

கொபௌ பூவைக் காட்டிவிட்டு, "இந்தக் குடும்பத்தில் இன்னும் பெரிய மாயக்காரர்கள் இருக்கிறார்கள்" என்று சொல்லி, ஐரோப்பாவில் வளரும் தேனீ ஆர்க்கிட்டின் படத்தைக் காட்டினேன். பூவின் நடுவே ஒரு தேனீ உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். மயிர் அடர்ந்த பழுப்பு உடல், மேலே மஞ்சள் கோடுகள். குழந்தைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நானும் உற்சாகத்தில், "பூ தேனீயைப் போல இருக்கிறது. அதனால் தேனீ ஏமாந்து வருகிறது" என்று முடித்துவிட்டேன்.

அப்போது எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி எழுந்தாள். "தாத்தா, தேனீக்கு நம்ம கண்ணு மாதிரியா தெரியும்? நமக்கே படத்துல பார்த்தா இது பூன்னு தெரியுதே. பக்கத்துல வந்தா அதுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. "எல்லாம் இயற்கையின் அதிசயம் அம்மா" என்று சொல்லிப் பாடத்தை முடித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனம் உறுத்தியது. எங்கள் வேலையில் சிக்னல் பழுதானால் காரணம் கண்டு எழுத வேண்டும். சோம்பலில் சிலர், "சோதித்தபோது சரியாக இருந்தது" என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். என் கீழ் வேலை செய்த பையன்கள் அப்படி எழுதினால் நான் கடிந்துகொள்வேன். அந்தச் சிறுமியிடம் நான் சொன்ன 'இயற்கையின் அதிசயம்' அதே வரிதான்.

அதன் பிறகு சில மாதங்கள் தேடிப் படித்தேன். படித்ததைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பூவின் அமைப்பு

உலகில் ஏறத்தாழ 28,000 ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. நாம் ஐஸ்கிரீமில் சுவைக்கும் வெனிலாவும் ஓர் ஆர்க்கிட் கொடியின் காய்தான். பார்வைக்கு எத்தனை வேறுபட்டாலும் எல்லாவற்றுக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றே.

வெளியே மூன்று புல்லி இதழ்கள். உள்ளே மூன்று அல்லி இதழ்கள். அல்லி இதழ்களில் ஒன்று மட்டும் மற்ற இரண்டைப் போல் இராமல் அகன்றோ, சுருண்டோ, மயிர் முளைத்தோ தனித்து நிற்கும். அதற்கு 'உதடு' என்று பெயர். வருகிற பூச்சிக்கு அதுவே திண்ணை.

மற்றப் பூக்களில் மகரந்தத் தாள்களும் சூல்முடியும் தனித்தனியாக இருக்கும். ஆர்க்கிட்டில் அவை ஒன்றாக இணைந்து ஒரு சிறு தூண் போல் நிற்கும். மகரந்தமும் தூளாக உதிராது. கட்டி கட்டியாக உருண்டிருக்கும். அதன் அடியில் பசை. பூச்சி தூணில் மோதினால் கட்டி அப்படியே அதன் தலையிலோ முதுகிலோ ஒட்டிக்கொள்ளும். அந்தப் பூச்சி அடுத்த பூவிலும் அதே இடத்தில் மோதினால்தான் காய் பிடிக்கும். ஒரே காயில் ஆயிரக்கணக்கான விதைகள் இருக்கும்; சில இனங்களில் பல இலட்சம்கூட உண்டு. ஆகவே பல பூச்சிகள் வந்து போவதைவிட, சரியான பூச்சி இரண்டு முறை வருவதுதான் இந்தப் பூவுக்கு முக்கியம்.

பொதுவாகப் பூச்சிக்குக் கூலியாகத் தேன் கிடைக்கும். ஆனால் ஆர்க்கிட் இனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலியே தருவதில்லை. அவற்றுள் ஒரு பிரிவினர்தாம் நம் கதாநாயகர்கள். இவர்கள் ஆண் பூச்சியிடம், "இங்கே உனக்கு ஒரு பெண் துணை காத்திருக்கிறாள்" என்று பொய்ச் சேதி அனுப்புகிறவர்கள்.

பெயர் வைத்தவர்கள் நாம்

என் பிழை எங்கே என்று இப்போது பார்ப்போம்.

ஐரோப்பாவிலும் மத்தியதரைக் கடலைச் சுற்றியும் 'ஓஃப்ரிஸ்' என்ற ஆர்க்கிட் பேரினம் வளர்கிறது. அதில் மூன்று பூக்களின் ஆங்கிலப் பெயர்களைத் தமிழில் சொன்னால் தேனீ ஆர்க்கிட், ஈ ஆர்க்கிட், சிலந்தி ஆர்க்கிட் என்று வரும். நம் கண்ணுக்கு எப்படித் தோன்றியதோ அப்படி வைத்த பெயர்கள்.

உண்மையில் நடப்பது என்ன? ஈ ஆர்க்கிட்டுக்கு ஈ வருவதில்லை. ஒரு வகைக் குளவியின் ஆண் வருகிறது. சிலந்தி ஆர்க்கிட்டுக்கு வருவது சிலந்தி அன்று. மண்ணில் வளை தோண்டித் தனியாக வாழும் ஒரு தேனீயின் ஆண். நான் வகுப்பில் காட்டிய தேனீ ஆர்க்கிட்டோ, இங்கிலாந்தில் பெரும்பாலும் தேனீக்காகக் காத்திருப்பதே இல்லை. அதன் மகரந்தக் கட்டிகள் மெல்லிய காம்போடு தானே வெளியே விழுந்து தொங்கி, காற்றில் ஆடி, அதே பூவின் சூல்முடியில் ஒட்டிக்கொள்கின்றன. தன் மகரந்தச் சேர்க்கை. ஆக, மூன்று பெயர்களை நம்பியிருந்தால் மூன்று முறை தவறியிருப்போம்.

தென் அமெரிக்காவில் 'குரங்கு முக ஆர்க்கிட்' என்று ஒன்று உண்டு. கைப்பேசியில் அதன் படம் உங்களுக்கும் வந்திருக்கும். குரங்கு போலத் தோன்றுவது நமக்குத்தான். அதே பேரினத்தின் வேறோர் இனத்தை ஈக்வடார் நாட்டில் ஆராய்ந்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பூவின் உதடு காளானைப் போன்ற தோற்றமும் காளான் மணமும் கொண்டது. காளானை நாடும் சிறு ஈக்களே அதற்கு வருகின்றன. குரங்குக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

புதிய சிக்னல் ஒன்றை நட்டால், தரையில் நின்று அழகாகத் தெரிகிறது என்று நாங்கள் கையெழுத்துப் போடுவதில்லை. எஞ்சினில் ஏறி, டிரைவர் நிற்கும் இடத்தில் நின்று, வண்டி வரும் திசையிலிருந்து பார்க்க வேண்டும். வளைவில் ஒரு மரக்கிளை மறைத்தாலும் அந்த இடம் சரியில்லை. யாருக்காக அந்தக் கைகாட்டியோ அவர் கண்ணால் பார்ப்பதுதான் சோதனை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதைச் செய்த நான், பூவைப் பார்த்தபோது மட்டும் தரையில் நின்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஒரு நீதிபதியும் ஒரு தாயும்

இந்தப் புதிர் பெரிய அறிஞர்களையும் திணற வைத்தது. சார்லஸ் டார்வின் 1862-இல் ஆர்க்கிட்களின் மகரந்தச் சேர்க்கை பற்றித் தனி நூலே எழுதினார். தேனீ ஆர்க்கிட்டைத் தேனீ ஒன்று அடிக்கடி வந்து 'தாக்குவதை'ப் பார்த்ததாக ஒருவர் எழுதிய செய்தி அவருக்குக் கிடைத்தது. அதன் பொருள் தமக்குப் புரியவில்லை என்று அடிக்குறிப்பில் நேர்மையாக எழுதி வைத்தார். விடை அந்தச் செய்திக்குள்ளேயே இருந்தது. அது தாக்குதல் இல்லை என்று எண்ண அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது ஒரு நீதிபதிக்கு. அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரரான புயான், கண்ணாடி ஆர்க்கிட் என்ற பூவைப் பல ஆண்டுகள் பொறுமையாகக் கவனித்தார். அதன் உதட்டின் நடுவே நீல நிறத்தில் கண்ணாடி போல் பளபளக்கும். ஓரமெல்லாம் செம்பழுப்பு மயிர். அதற்கு ஒரே ஒரு வகைக் குளவிதான் வந்தது. அதிலும் ஆண் மட்டுமே வந்தது. பெண் குளவி ஒன்றுகூட அந்தப் பூவைத் திரும்பிப் பார்க்கவில்லை. தேனுக்காக என்றால் பெண்ணும் வர வேண்டுமே! ஆண் குளவி பூவைப் பெண் என்று நம்பி இணைசேர முயல்கிறது என்று அவர் முடிவு செய்தார். சுவிட்சர்லாந்தின் தோட்டக்கலை அறிஞர் கொரெவோனுடன் சேர்ந்து 1916-இல் இதை வெளியிட்டார். அறிவுலகம் உடனே நம்பிவிடவில்லை.

பதினொரு ஆண்டுகள் கழித்து, 1927-இல், உலகின் மறுகோடியில் இதே முடிவை இன்னொருவர் வெளியிட்டார். அவர் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தைச் சேர்ந்த எடித் கோல்மன் அம்மையார். திருமணத்துக்கு முன் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பிறகு இல்லத்தரசி, இரு பெண்களின் தாய். ஒருவகை ஆர்க்கிட் பூவுக்குள் குளவி பின்பக்கமாக நுழைவதை முதலில் கவனித்தவர் அவருடைய மகள். ஒரு குழந்தை 'இது ஏன் அம்மா இப்படி?' என்று கேட்டால் தட்டிக் கழிக்காத தாய் அவர் என்று நான் எண்ணிக்கொள்கிறேன். அந்தப் பூவுக்கும் ஆண் குளவிகளே வந்தன. ஆஸ்திரேலியாவில் அந்தப் பேரினத்தின் ஐந்து இனங்களும் இந்த ஒரே குளவியை நம்பித்தான் வாழ்கின்றன. 1949-இல் ஆஸ்திரேலிய இயற்கை வரலாற்றுப் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண்மணியும் கோல்மன் அம்மையார்தான்.

இருவருமே பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர்கள் அல்லர். டிப்ளமோக்காரனான எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்!

அவுட்டர், ஹோம், பிளாட்பாரம்

இனி சிறுமியின் கேள்விக்கு வருவோம். பூச்சிக்கு நம் கண்ணா? இல்லவே இல்லை. தேனீ, குளவி ஆகியவற்றின் கூட்டுக் கண், நாம் காணும் நுணுக்கத்தைக் காண இயலாதது. நம் கண்ணைவிடப் பல மடங்கு மங்கல். தேனீக்குச் சிவப்பு தெரியாது. நமக்குத் தெரியாத புறஊதா ஒளி அதற்குத் தெரியும். அப்படியானால் அந்த ஆண் பூச்சி எதை நம்பி வருகிறது?

மணத்தை நம்பி வருகிறது. பெண் பூச்சி தன் உடலிலிருந்து ஒரு மணத்தைக் காற்றில் விடும். அதை முகர்ந்துதான் ஆண் தேடி வரும். அந்த மணத்தையே பூவும் விடுகிறது. ஸ்வீடன் நாட்டு பெர்ட்டில் குல்லென்பர்க் நெடுங்காலம் ஓஃப்ரிஸ் பூக்களை ஆராய்ந்து 1961-இல் விரிவான நூல் வெளியிட்டார். மணத்தின் முதன்மையை வலியுறுத்தியவர் அவர்.

1999-இல் ஃபுளோரியன் ஷீஸ்டலும் அவர் குழுவினரும் சிலந்தி ஆர்க்கிட்டின் மணப்பொருள்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். பெண் தேனீயின் உடலில் உள்ள அதே மெழுகுப் பொருள்கள், ஏறத்தாழ அதே விகிதத்தில் பூவிலும் இருந்தன. மணமற்ற போலிப் பொம்மையில் அந்தக் கலவையைத் தடவி வைத்தபோது ஆண் தேனீக்கள் அதையும் நாடின. 2003-இல் ஆஸ்திரேலிய ஆர்க்கிட் ஒன்றில் இன்னும் வியப்பான செய்தி கிடைத்தது. அங்கே கலவைகூட இல்லை. ஒரே ஒரு வேதிப்பொருள்தான் அழைப்பு. பூவும் பெண் குளவியும் அதே பொருளைத் தயாரிக்கின்றன.

அப்படியானால் உருவத்துக்கு வேலையே இல்லையா? உண்டு, ஆனால் அதன் முறை பிறகு வருகிறது. நமக்குப் பழகிய மொழியில் சொல்கிறேன். மணம் என்பது அவுட்டர் சிக்னல். தொலைவிலேயே பூச்சிக்கு வழிகாட்டும். அருகே வந்தபின் நிறமும் பளபளப்பும் உருவமும் ஹோம் சிக்னல். எங்கே இறங்குவது என்று சொல்லும். பிளாட்பாரத்தில் வண்டியைச் சரியான இடத்தில் நிறுத்துவது தொடு உணர்வு. உதட்டின் மேல் உள்ள மயிர் எந்தத் திசையில் படிந்திருக்கிறதோ அதற்கு ஏற்ப ஆண் பூச்சி திரும்பி அமரும். சில ஓஃப்ரிஸ் இனங்களில் தலை தூணை நோக்கி இருக்கும். மகரந்தக் கட்டி தலையில் ஒட்டும். வேறு சிலவற்றில் பூச்சி தலைகீழாக அமர, கட்டி வயிற்றின் நுனியில் ஒட்டும். மயிரின் திசை மாறினால் கட்டி ஒட்டும் இடமும் மாறிவிடுகிறது!

கீல் வைத்த பூ

பொறியாளன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் வளரும் சுத்தியல் ஆர்க்கிட். மண்ணோடு ஒட்டி இதய வடிவில் ஒரே இலை. அதிலிருந்து மெல்லிய தண்டு. அதன் உச்சியில் ஒரே பூ. அழகு என்று எதுவும் இல்லை. கருஞ்சிவப்பாய், பரு பருவாய், மயிரோடு ஒரு சிறு உருண்டை. அவ்வளவுதான்.

அந்த ஊரில் ஒரு வகைக் குளவி உண்டு. பெண்ணுக்கு இறக்கை கிடையாது. மண்ணுக்குள் வண்டுப் புழுக்களைத் தேடி முட்டையிட்டு வாழும். துணை வேண்டும் காலத்தில் ஒரு புல் நுனியில் ஏறி அமர்ந்து மணம் விடும். ஆண் பறந்து வந்து அப்படியே தூக்கிக்கொண்டு உணவு உள்ள இடத்துக்குப் பறந்துபோகும். பெண்ணுக்கு அதுவே வாகனம்.

சுத்தியல் ஆர்க்கிட்டின் உதடு புல் நுனியில் காத்திருக்கும் அந்தப் பெண்ணைப் போலவே இருக்கிறது. அதே மணத்தையும் விடுகிறது. ஆனால் அந்த உதடு ஒரு சிறு கையின் நுனியில் இருக்கிறது. கையின் அடியில் கீல்! ஆண் குளவி பாய்ந்து வந்து பற்றிக்கொண்டு வழக்கம்போல் தூக்கிப் பறக்கப் பார்க்கும். உதடு பிய்ந்து வராது. கீல் மடங்கும். பறந்த வேகத்திலேயே குளவி அரை வட்டமாகச் சுழன்று, எதிரே நிற்கும் தூணில் முதுகு மோத விழும். மகரந்தக் கட்டி முதுகில் ஒட்டிக்கொள்ளும். குளவி விடுவித்துக்கொண்டு போய் அடுத்த பூவில் இதே கூத்தை ஆடினால் வேலை முடிந்தது.

கைகாட்டியின் கையை இறக்கக் கம்பியும் நெம்புகோலும் அதை இழுக்க ஓர் ஆளும் வேண்டும். இங்கே பூ ஒரு சக்தியும் செலவழிக்கவில்லை. ஏமாறுகிறவனின் வேகமே இயந்திரத்தை ஓட்டுகிறது. இவ்வளவு சிக்கனமான கருவியை எந்தப் பட்டறையிலும் நான் பார்த்ததில்லை.

பூவுக்கு எப்படித் தெரியும்?

சில வாரங்களுக்கு முன் அந்தச் சிறுமியை மீண்டும் வகுப்பில் பார்த்து, மணத்தின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அடுத்த கேள்வி போட்டாள்: "பூவுக்கு மூக்கே இல்லையே தாத்தா, பெண் குளவியோட வாசனை அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

இம்முறை நான் தப்பிக்கவில்லை. பூவுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

எந்தச் செடியின் இலை மேலும் மெழுகுப் பூச்சு உண்டு. நீர் வற்றாமல் காப்பது அதுதான். சிலந்தி ஆர்க்கிட் விடும் மணப்பொருள்கள் பெரும்பாலும் அந்த மெழுகு வகையைச் சேர்ந்தவையே. புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை; கிடங்கில் இருந்த சரக்குதான். ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் அதன் விகிதத்தில் சிறு வேறுபாடு இருக்கும். ஏதோ ஒரு காலத்தில், ஒரு பூவின் விகிதம் தற்செயலாகப் பெண் தேனீயின் மணத்துக்குச் சற்று நெருங்கியிருக்கும். ஓர் ஆண் தேனீ கொஞ்ச நேரம் தடுமாறியிருக்கும். அந்தப் பூவுக்குக் காய் பிடித்தது. பக்கத்துப் பூவுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த தலைமுறையில் அதன் பிள்ளைகளே மிகுதி. அவற்றுள்ளும் இன்னும் நெருங்கிய மணம் உடையதற்கு இன்னும் மிகுதியான காய். இப்படியே எண்ணற்ற தலைமுறைகள். ஒவ்வொரு பூவையும் சோதித்துத் தேர்வு செய்தது ஆண் பூச்சியின் உணர்கொம்புதான். வரைபடம் போட்டவர் யாரும் இல்லாமலே கருவி செம்மையாகிவிட்டது.

பூவின் வேடத்தைத் தைத்ததே ஏமாறுகிற பூச்சியின் புலன்கள்தாம். அதனால்தான் அந்த வேடம் அவற்றுக்குப் பொருந்துகிறது. நம் கண்ணுக்குப் பொருந்தினால் அது தற்செயல்.

குளவி ஏன் திருந்துவதில்லை?

இது நானே கேட்டுக்கொண்ட கேள்வி. இத்தனை காலம் ஏமாந்த பூச்சி, எச்சரிக்கையாக இருக்கக் கற்றிருக்க வேண்டாமா?

ஓரளவு கற்கிறது. ஓரிடத்தில் ஏமாந்த ஆண் குளவி அந்த இடத்தைச் சிறிது காலம் தவிர்க்கிறது. ஆனால் அதுவே பூவுக்கு ஆதாயம்! மகரந்தக் கட்டியோடு தொலைவுக்குப் போனால்தானே வேறு செடியின் பூவில் அயல் மகரந்தச் சேர்க்கை நடக்கும்? தேன் கிடைத்திருந்தால் அதே செடியில் பூவுக்குப் பூ தாவிக்கொண்டிருக்கும். ஓஃப்ரிஸ் பூக்களிலோ ஒவ்வொரு பூவின் மணமும் சற்றே மாறுபடும். ஒன்றை நினைவில் வைத்து ஒதுக்கிய ஆண், அடுத்ததில் ஏமாறும். மகரந்தம் சேர்ந்துவிட்ட சிலந்தி ஆர்க்கிட் பூ, துணை தேடாத பெண் தேனீயின் மணத்தை விட்டு, வருகிறவனை இன்னும் சேராத பூவின் பக்கம் திருப்பிவிடுகிறது என்றும் 2001-இல் கண்டறிந்தார்கள்.

காலமும் பூவுக்குத் துணை. இந்தப் பூச்சிகளில் ஆண்கள் முன்னதாக வெளிவருவார்கள். பெண்கள் பின்னர் வருவார்கள். அந்த இடைவெளியில் பூ மலர்ந்துவிடுகிறது.

ஆனாலும் அடிப்படையான விடை வேறு. பழைய கைகாட்டியில் கம்பி அறுந்தால் என்ன ஆகும் தெரியுமா? எதிர் எடை இழுத்து, கை தானாகக் கிடைமட்டத்துக்கு வந்து 'நில்' என்று காட்டும். அபாயம் ஏதும் இல்லாமலே வண்டி வீணாக நிற்கும். பயணிகள் முணுமுணுப்பார்கள். இருந்தும் அப்படித்தான் அமைத்தோம். ஏனெனில் வீணாகப் பத்து முறை நிற்பதன் நட்டம் சில நிமிடங்கள்; நிற்க வேண்டிய ஒரு முறை நிற்காவிட்டால் நட்டம் உயிர்கள். ஆண் குளவியின் கணக்கும் இதுவே. பூவிடம் பத்து முறை ஏமாந்தால் கொஞ்ச நேரமும் களைப்பும் நட்டம். அளவுக்கு மீறிச் சந்தேகப்பட்டு, உண்மையான பெண்ணைத் தவறவிட்டால் வம்சமே நட்டம். பெண்கள் அரிது, போட்டி மிகுதி, முந்தியவனுக்கே வாய்ப்பு. ஆகவே சிறிது ஏமாளியாக இருப்பவனே பிள்ளை பெறுகிறான். அவனை நாம் முட்டாள் என்று சிரிப்பது நியாயம் ஆகாது.

பூவுக்கும் இதில் ஆபத்து உண்டு. சுத்தியல் ஆர்க்கிட் ஒவ்வொன்றும் பொதுவாக ஒரே ஒரு குளவி இனத்தை நம்பி இருக்கிறது. அந்தக் குளவிக்கு மண்ணில் வண்டுப் புழு வேண்டும். பூவின் விதையிலோ உணவுச் சேமிப்பு இல்லை. மண்ணில் உள்ள ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். காட்டை அழித்து இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்தாலும் பூ அற்றுப்போகும். வேலி கட்டிப் பூவை மட்டும் காப்பாற்ற முடியாது.

முடிவாக

சிறுமியிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்: "இல்லை அம்மா, தேனீக்கு நம் கண் இல்லை. அதனால் பூவை நம் கண்ணால் பார்த்துச் சொன்ன என் பாடம் தவறு." இதைச் சொல்ல எனக்குச் சில மாதங்கள் ஆயின. வகுப்பிலும் சொல்லிவிட்டேன், இங்கே எழுதியும் விட்டேன். குழந்தைகளின் கேள்விக்கு விடை தெரியாதபோது 'அதிசயம்' என்று மூடிவிடாமல், 'பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லுமாறு பெற்றோர்களையும் கேட்டுக்கொள்கிறேன். என் வயதில் அது கொஞ்சம் கடினம்தான், ஆனாலும் முடிகிறது.

குழந்தைகளுக்குப் பயிற்சி

1. அடுத்த பிஹுவின்போது, சூடி முடித்த கொபௌ பூ ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் (மரத்திலிருந்து பறிக்க வேண்டாம்). அது பூச்சி வேடம் போடும் பூ அன்று. ஆனால் அமைப்பு ஒன்றே. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து உதடு எது, தூண் எது என்று கண்டுபிடியுங்கள்.

2. பல் குத்தும் குச்சியின் நுனியால் தூணின் உச்சியை அடிப்பக்கமாக மெல்லத் தொட்டு எடுங்கள். குச்சியில் ஒட்டி வருவது என்ன? டார்வினும் கூரிய பென்சில் நுனியைப் பூவுக்குள் விட்டு இப்படித்தான் பார்த்தார்.

3. ஈ ஆர்க்கிட், சிலந்தி ஆர்க்கிட் இவற்றுக்கு உண்மையில் வரும் விருந்தாளிகள் யார்?

4. கண்ணாடி ஆர்க்கிட்டுக்குத் தேனுக்காகக் குளவி வரவில்லை என்று நீதிபதி புயான் எப்படிக் கண்டுகொண்டார்?

5. ஏமாந்த குளவி தொலைவுக்குப் பறந்து போவது பூவுக்கு ஏன் நல்லது? உங்கள் சொந்த நடையில் ஐந்து வரிகள் எழுதி வாருங்கள். ஞாயிறன்று வகுப்பில் படிப்போம்.